அந்தக் காது

ஆறு தாளாக வருவான் தெய்ன் க்யாவ்.
கீழிருந்து மேலே ஒட்டணும்,
அப்போதுதான் மழை உள்ளே இறங்காது.
முதலில் புட்டி. பிறகு புட்டியைப் பிடித்த முஷ்டி.
நகத்தில் அழுக்கே இல்லை,
அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தாமொய் சந்திப்பு, நாற்பதடி உயரம்.
இடுப்பில் கயிறு, வாயில் வெற்றிலை.
துப்பவும் முடியாது, நேர் கீழே பஸ் நிறுத்தம்.
விழுங்கிக்கொண்டே வேலை.

இந்தத் தொழிலில் பதினோரு வருஷம்.
எனக்கும் அபிப்பிராயங்கள் உண்டு, யாரும் கேட்பதில்லை.
அந்த நடிகை இருக்கிறாளே,
மார்ச்சில் சோப்புக்குச் சிரித்தாள்,
மே மாதம் வட்டிக் கடனுக்கும் அதே சிரிப்பு.
தப்பில்லை, அவளும் வாடகை கொடுக்கிறவள்தானே.
செல்போன் பாடகனைத்தான் எனக்கு ஆகாது.
அவன் மூக்கு மட்டும் ஒன்றரை அடி,
ஒரு வாளிப் பசை குடித்தது.

தெய்ன் க்யாவ் அப்படி இல்லை.
அவனுக்கு நான் கட்சி.

தெய்ன்பியூ அரங்கத்தில்
நாலாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.
மூன்றாம் சுற்றில் முழங்கை பட்டு
சாக்கு மூட்டை மாதிரி விழுந்தான்.
லெத்வேயில் ஒரு கருணை உண்டு:
விழுந்தவனுக்கு இரண்டு நிமிஷம்.
வேறு எந்த ஆட்டத்தில் தருகிறார்கள் இதை?
எந்த வேலையில்?
கழுத்தில் ஐஸ் வைத்தார்கள்,
காதைப் பிடித்துத் தேய் தேய் என்று தேய்த்தார்கள்.
ஏற்கெனவே முடங்கிப்போன காது அது,
அடி வாங்கி வாங்கி
காய்ந்த இஞ்சித்துண்டு மாதிரி ஆனது.
அந்தக் காது வழியாகத்தான் அவன் திரும்பி வந்தான்.
எழுந்தான். இடது கையை மடக்கி
வலது உள்ளங்கையால் பளார் பளாரென்று தட்டினான்.
அரங்கம் என்ன கத்தியதோ, எனக்குக் கேட்கவில்லை.
நானே கத்திக்கொண்டிருந்தேன்.
ஐந்து சுற்று முடிந்தும் இருவரும் நின்றார்கள்.
நின்றால் சமன். மார்க் போடுகிற வேலை அங்கே கிடையாது.

இப்போது ஐந்தாம் தாளை விரிக்கிறேன்.
காது
பிறந்த குழந்தையின் காது.

“இது வேற எவனோடதோ,
கம்ப்யூட்டர்ல வெட்டி வச்சுட்டான்” என்றான்
கயிறு பிடித்திருந்த பூபாலன்.
“உனக்கென்ன, ஒட்டு.”

அந்தப் பானத்தையும் குடித்துப் பார்த்தேன்,
ஓசியில் ஒரு புட்டி கொடுத்தார்கள்.
இருமல் மருந்தில் சர்க்கரை போட்ட ருசி.
அதைக் குடித்தா அவன் எழுந்தான்?
அதற்காகக் கோபமில்லை. அவன் சம்பாதிக்கட்டும்.
இந்தக் காதுக்குத்தான்.

பழைய தாளில் கிழிந்த துண்டுகளை
பசையில் முக்கி உருட்டினேன்.
காது வரும் இடத்தில் வைத்து அமுக்கி
அதன்மேல் ஐந்தாம் தாளை இழுத்து ஒட்டினேன்.
வீங்கியது. கொஞ்சம் கோணலாக, மேல்பக்கம் தடித்து.
பூபாலன் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை,
கயிற்றை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

அன்று ராத்திரி தாமொய் முழுக்கக் கரண்டு போனது.
கம்பெனி ஜெனரேட்டரில் அவன் மட்டும் எரிந்தான்.
அந்த வெளிச்சத்தில் பையன்கள் சின்லோன் ஆட,
வெற்றிலைக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்து
“இப்போதான் ஆள் மாதிரி இருக்கான்” என்றார்.
நான் சில்லறை எண்ணுகிற மாதிரி நின்றேன்.

மாதம் முடியவில்லை. மண்டலேயில் தோற்றான்;
அங்கேயும் இரண்டு நிமிஷம் கொடுத்தார்களாம்,
எழவில்லை.
கம்பெனி அவ்வளவு நேரம்கூடக் கொடுக்கவில்லை,
மறுநாள் காலையில் புதுத் தாள் வந்துவிட்டது.
தனகா கிரீம். அதே நடிகை, அதே சிரிப்பு.
பழையதை உரிக்கக் கூலி தரவில்லை,
மேலேயே ஒட்டச் சொன்னார்கள்.
ஒட்டினேன்.

சாயங்காலம் ஏஜெண்ட் போன் செய்தார்:
“மாசிலாமணி, அந்தப் பொண்ணு கன்னத்துல
என்னய்யா வீக்கம்?”

“ஈரம் சார்” என்றேன்.
“காய்ஞ்சா போயிடும்.”